கடைசி வரிசை மரம்

ஜூன் 7

இரவு பத்து மணிக்கு மாமா அழைத்தார். "பழம் விழத் தொடங்கிவிட்டது, காலையில் வந்துவிடு." அவ்வளவுதான். ஒரு வருடமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். பினாங்கின் ஜார்ஜ்டவுன் சாலையோரங்களில் டுரியான் குவிந்து கிடந்தாலும், மாமா தோட்டத்துப் பழத்தைத் தொடும்வரை எனக்குப் பருவம் பிறப்பதில்லை.

ஜூன் 8

ஆயர் ஈத்தாம் மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து பாலிக் புலாவ் சேரும்போது மணி ஏழு. செங்குத்தான சரிவில் 34 மரங்கள், அதுதான் தோட்டம். பழம் அடிபடாமலும் உருண்டு ஓடாமலும் இருக்க மரத்தடியில் வலை கட்டியிருக்கிறார். இங்கே டுரியானைப் பறிப்பதில்லை, தானாக விழ வேண்டும். விழுந்த சில மணி நேரத்தில் தின்றால் ஒரு சுவை, மறுநாள் தின்றால் வேறு சுவை.

மாமா பழங்களை வரிசையாக வைத்தார். இனிப்பு முதலில், கசப்பு கடைசியில். திராட்சை மது சுவைப்பவர்களும் இலேசானதில் தொடங்கி அடர்ந்ததில்தான் முடிப்பார்கள் என்றான் தம்பி. கையோடு ஓர் ஒயின் பாட்டிலும் கொண்டுவந்திருந்தான். மாமா அதை வாங்கிப் பரணில் வைத்துவிட்டார். டுரியானோடு மது கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது: உடலில் மதுவின் நச்சை உடைக்கும் நொதியை டுரியான் சாறு 70 விழுக்காடு வரை முடக்குவதை, 2009-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைக்குழாயில் கண்டார்கள்.

முதலில் ஆங் ஹே ரகம், மலேசிய வேளாண் துறையின் பதிவு எண் டி 175. வெந்த இறாலின் செம்மஞ்சள் நிறம், பெயரும் அதனால்தான். இளமரத்துப் பழம் என்பதால் இனிப்பு மட்டுமே. அடுத்து ஹோர் லோர், டி 163. ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் சுரைக்காய் என்று பொருள், வடிவமும் அப்படியே. மூன்றாவது நிபோங் திபாலில் பிறந்து 2015-இல் டி 200 என்று பதிவான கருமுள். பாலாடை போல வாயில் கரைந்தது.

ஒவ்வொன்றுக்கும் நடுவே வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு கடைசி வரிசை மரத்தின் பழத்தைப் பிளந்தார். அதற்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. தாத்தா விதை ஊன்றி வளர்த்த மரம். தோல் தடிமன், கொட்டை பெரியது, வெளிறிய சதை மெலிதாகத்தான் இருக்கும். வாயில் வைத்ததும் சுண்டைக்காய் வற்றலின் கசப்பு. விழுங்கிய பிறகு தொண்டையின் அடியிலிருந்து வெல்லப்பாகு மேலேறி வருகிறது. நாக்கு நுனி மரத்துப்போகிறது. வெகுநேரம் யாரும் பேசவில்லை.

தோல் குழிவில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, மங்குஸ்தீன் தின்று திரும்பினோம்.

ஜூன் 14

மூன்று நாளாக மழை. சதையில் தண்ணீர் ஏறிவிட்டது. மாமி அதைப் புளிக்கவைத்துத் தெம்போயாக் போட்டுவிட்டார்.

ஜூன் 21

பழம் எடுக்கும் தவுக்கே, அதாவது வியாபாரி, வந்திருந்தார். எல்லாரும் மூசாங் கிங் ரகத்தைத்தான் கேட்கிறார்கள், கடைசி மரத்தை வெட்டி அதில் மூசாங் கிங் ஒட்டுக் கட்டிவிடு என்றார். மாமா மறுத்துப் பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மூசாங் கிங் நல்ல பழம். 1993-இல் டி 197 என்று பதிவானது, அதன் விலைக்குத் தகுதியானதுதான். ஆனால் டுரியான் விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்மரத்தைப் போல் இருப்பதில்லை. தாத்தாவின் மரம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. வெட்டினால் அந்தக் கசப்பு இனி எங்கும் கிடையாது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "இந்தப் பழத்துக்குக் கிலோவுக்கு நான்கு ரிங்கிட் தருகிறார்கள். உரத்துக்கு யார் தருவார்கள் அம்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 22

இரவு குடிலிலேயே தங்கினேன். இருட்டில் 'தொம்' என்று பழம் விழும் ஒவ்வொரு முறையும் எந்த மரம் என்று மாமா சரியாகச் சொன்னார்.

மார்ச்சிலும் இப்படித்தான் தங்கினேன். மாலையில் கிளைகளில் பூ விரிந்தது, இருட்டியதும் தேனுண்ணும் வௌவால்கள் வந்தன, விடிந்தபோது தரையெங்கும் உதிர்ந்த மகரந்தத் தாள்கள். டுரியான் பூக்காத மாதங்களில் அந்த வௌவால்கள் கடலோரச் சதுப்புநிலப் பூக்களைத் தேடிப் போகின்றன. அந்தக் காடுகளை அழித்துவிட்டால் மலையில் காய் பிடிப்பதும் குறையும். இதையும் இருட்டில் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ம்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் அவரே ஏறி, கடைசி மரத்திலிருந்து ஐந்து குச்சிகளை வெட்டிக்கொண்டு இறங்கினார். நாற்றுகளில் ஒட்டுக் கட்டினோம். நான் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றினேன்.

ஜூலை 20

ஐந்தில் மூன்று துளிர்த்திருக்கின்றன. கீழ்வரிசையில் மூன்று மரங்களை மூசாங் கிங்குக்கு மாற்றப் போகிறார் மாமா. கடைசி மரம் நிற்கும்.

தவுக்கே நாற்றுப் பைகளைப் பார்த்துவிட்டு, இது என்ன ரகம் என்று கேட்டார்.

"எங்கள் அப்பா வைத்தது," என்றார் மாமா.