மிசூரி முதல் கான்சாஸ் வரை: அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய நாற்பது ஆண்டுகள்

மார்ச் 6

இதே தேதியில்தான் 1820-ல் மிசூரி சமரசம் சட்டமானது. அடிமைமுறை உள்ள மாநிலமாக மிசூரியைச் சேர்ப்பதா என்ற சண்டையை முடித்த ஏற்பாடு அது. சண்டையின் வேர் செனட், அதாவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மேலவை. கீழவை இடங்கள் மக்கள்தொகைப்படி. ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகும் தென்மாநிலங்கள் அங்கே சிறுபான்மைதான். செனட்டில் எந்த மாநிலமானாலும் இரண்டு இடம். 1819 முடிவில் அடிமை மாநிலங்கள் 11, அடிமைமுறை இல்லாத சுதந்திர மாநிலங்கள் 11 என்று சமநிலை.

நியூயார்க்கைச் சேர்ந்த கீழவை உறுப்பினர் டால்மேஜ் கொண்டுவந்த திருத்தம் எவ்வளவு மிதமானது பாருங்கள்: மிசூரிக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, மாநிலமான பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு 25 வயதில் விடுதலை. ஏற்கெனவே அடிமையாக இருந்த ஒருவரைக்கூட அது விடுவிக்கவில்லை. அதையும் செனட் நிராகரித்தது. கடைசியில் அடிமை மாநிலமாக வந்த மிசூரிக்கு ஈடாகச் சுதந்திர மாநிலமாக மெய்ன்; பிரான்சிடம் வாங்கிய லூசியானா நிலத்தின் மற்ற பகுதியில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கிடையாது.

மார்ச் 8

அதன்பின் அடிமை மாநிலமும் சுதந்திர மாநிலமும் ஜோடி பார்த்தே வந்தன: அடிமை மாநிலம் ஆர்கன்சா 1836, சுதந்திர மாநிலம் மிச்சிகன் 1837; அடிமை மாநிலங்கள் புளோரிடா, டெக்சஸ் 1845, சுதந்திர மாநிலங்கள் அயோவா 1846, விஸ்கான்சின் 1848. 15-க்கு 15. கலிபோர்னியா 1850-ல் சுதந்திர மாநிலமாக நுழைந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது.

மார்ச் 11

கலிபோர்னியாவுக்கு விலையாகத் தெற்கு வாங்கியது, தப்பியோடிய அடிமைகள் சட்டம். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி இல்லை. உடைமையாளரிடம் ஒப்படைக்க உத்தரவிட்டால் விசாரணை ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5. அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

“உள்நாட்டுப் போரில் மாநில உரிமைக்காகத்தான் தெற்கு போராடியது” என்பவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று 1854-ல் தீர்ப்பளித்தது விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம். மாநில உரிமை பேசியது வடக்கு. மைய அரசின் கை ஓங்க வேண்டும் என்றது தெற்கு.

மார்ச் 15

கான்சாஸ். 1854-ன் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்த 36-30 எல்லைக்கோட்டை அழித்து, அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே தீர்மானிக்கட்டும் என்றது. யார் குடியேறியவர், எத்தனை நாள் வசித்தால் வாக்கு என்பது தெளிவில்லை, சட்டத்தின் ஓட்டை அங்கேதான். 1855 மார்ச் தேர்தலில் வாக்குரிமை பெற்றவர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகள் 6,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை மிசூரியிலிருந்து ஆயுதத்தோடு எல்லை தாண்டி வந்தவர்கள் போட்டவை.

லெகாம்ப்டன் என்ற ஊரில் அடிமைமுறை ஆதரவாளர்கள் எழுதிய கான்சாஸ் அரசியலமைப்பின் மீது 1857 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பு அதைவிட மோசம். “அடிமைமுறையோடு கூடிய அரசியலமைப்பு”, “அடிமைமுறை இல்லாத அரசியலமைப்பு” என்று இரண்டே தெரிவுகள். அரசியலமைப்பே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ‘இல்லாத’ என்பதைத் தேர்ந்தாலும் அங்கே ஏற்கெனவே இருந்த அடிமைகள் அடிமைகளே. எதிர்ப்பாளர்கள் புறக்கணித்தார்கள், 1858 ஜனவரியில் தனி வாக்கெடுப்பு நடந்தபோது அந்த அரசியலமைப்புக்கு எதிராக 10,226 வாக்குகள். அதற்குப் பிறகும் அதிபர் புக்கானன் லெகாம்ப்டனை ஏற்கும்படி காங்கிரஸை வற்புறுத்தினார். மன்னிக்க முடியாத செயல். தெற்கத்திய செனட்டர்கள் வெளியேறத் தொடங்கிய 1861 ஜனவரியில்தான் கான்சாஸ் சுதந்திர மாநிலமாகச் சேர முடிந்தது.

மார்ச் 18

அமெரிக்காவிலிருந்து பிரிந்து போகிறோம் என்று அறிவித்த தென் கரோலினாவின் 1860 டிசம்பர் பிரகடனத்தை முழுதாகப் படிக்க வேண்டும். அடிமையோடு கடந்துபோகும் உரிமையைக்கூட நியூயார்க் நீதிமன்றங்கள் மறுத்தன என்பது அதில் ஒரு புகார். பிரிந்துபோன தென்மாநிலங்களின் தெற்குக் கூட்டமைப்பு 1861-ல் எழுதிக்கொண்ட அரசியலமைப்போ, புதிதாகச் சேரும் எந்தப் பிரதேசத்திலும் கூட்டமைப்பின் காங்கிரஸும் பிரதேச அரசும் அடிமைமுறையை அங்கீகரித்துக் காக்க வேண்டும் என்கிறது. அங்கே குடியேறுபவர்கள் வேண்டாம் என்று சொல்ல அதில் இடமே இல்லை.