கரைவலையும் 58 புள்ளியும்

சித்திரப் பாடத் தவணைப் பரீட்சைக்குக் ‘கரைவலை இழுத்தல்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். கடலில் வளைத்துப் போட்ட வலையை, கரையில் இரண்டு பக்கமும் நின்று கயிற்றால் இழுக்கிற மீன்பிடி அது. திருத்த உட்கார்ந்தால் முக்கால்வாசித் தாள்களில் ஒரே படம். இடப்பக்கம் வளைந்த தென்னை, நடுவில் மூன்று ஆண்கள், கடலுக்குள் பாதி இறங்கிய செம்மஞ்சள் சூரியன், கூடு திரும்பும் பறவைகள். திருகோணமலைப் பக்கம், கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் உப்புவெளியில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். அங்கே மறைவதில்லை. பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

அந்தத் தென்னையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சாதாரண தரப் பொதுப் பரீட்சையில், படம் கீறுகிற மூன்றாவது வினாத்தாளுக்கு என்ன தலைப்பு வரும் என்று தெரியாது. எதற்கும் பொருந்துகிற நாலைந்து உருவங்கள் கையில் இருந்தால் பிள்ளை பதறாது. ஒரு ஏ சித்தி எத்தனை வீடுகளில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரிக் கீறியிருந்தாள். அப்பா கரைவலைக்குப் போகிறவர். தாளின் இரண்டு ஓரங்களில் இரண்டு கயிறு, நடுவில் வெறும் மணல். ஆட்கள் எல்லாரும் முதுகு காட்டி நிற்கிறார்கள், கிட்டத்தட்டக் கறுப்பாக. கடைசி ஆள் குந்தியிருந்து கயிற்றைச் சுருட்டுகிறார். முகம் இல்லை, நிறம் குறைவு, நடு வெறுமை என்று 58 போட்டேன்.

அதே கிழமை முதலாம் வினாத்தாளுக்காக, ‘43 குழு’ என்ற இலங்கைக் கலைஞர் குழுவைப் படிப்பித்தேன். பழகிப்போன ஐரோப்பியப் பாணியை விட்டு விலகி 1943இல் ஒன்று சேர்ந்த ஜோர்ஜ் கீற், லயனல் வென்ட் எல்லாரையும் சொல்லி, ஜெஃப்ரி பெய்லிங் என்று கரும்பலகையில் எழுதும்போது கை நின்றுவிட்டது. அந்தக் குழுவில் இருந்த அவர், பாடசாலைச் சித்திரப் பாடத்துக்கே பிரதான பரிசோதகராக இருந்தவர். அந்த 58ஐ அவரிடம் எப்படிக் காட்டுவேன்?

ஞாயிறு விடிய உப்புவெளிக்குப் போனேன். அவள் கீறியது அப்படியே இருந்தது. இரண்டு கயிற்றுக்கும் இடையில் அவ்வளவு தூரம், எதிர் வெயிலில் முதுகுகள் கறுப்பு. வலை கிட்ட வர வர இரண்டு பக்கத்தாரும் நெருங்கி வருகிறார்கள். அந்த வெறும் மணல்தான் வேலையே.

திங்கட்கிழமை புள்ளியை மாற்றினேன். ஆனால் பொதுப் பரீட்சையில் அவள் தாளைத் திருத்தப்போவது நானில்லை. அதனால் ஒரு வழி சொன்னேன்: “கடலுக்குள்ள நின்று கரையைப் பார்க்கிற மாதிரிக் கீறு. வெயில் முகத்தில படும், நிறமும் வரும். பொய்யும் இல்லை.”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“சரி ரீச்சர். ஆனா நான் எப்பவும் அப்பாவுக்குப் பின்னாலதான் நிற்கிறனான். முன்னால அவர்ட முகம் எப்படி இருக்கும் எண்டு பார்த்ததில்லை.”

பார்த்துவிட்டு வா என்றேன். முதல் படத்தை என்னிடமே வைத்திருக்கிறேன்.