தகிட தகதிமி: கூத்து மத்தளத்தைக் கைபேசிக்குள் இறக்கிய குறிப்பேடு

எடுத்துக்கொண்ட வேலை இதுதான். மட்டக்களப்புக் கூத்தில் கேட்கும் மத்தளத்தையும் சல்லரி என்ற கைத்தாளத்தையும் பதிந்து, தட்டுத் தட்டாகப் பிரித்து, ஏழெண்ணிக்கைத் தாளத்தில் ஒரு மின்னிசைப் பாட்டுக்கு அடித்தளமாகக் கட்ட வேண்டும். கணினி கிடையாது. ஓர் அன்ட்ரொயிட் கைபேசியில் கோலா சாம்பிளர் (பதிந்த ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, விரலால் தட்டி வாசிக்கும் செயலி), 3.5 மில்லிமீற்றர் துளை உள்ள பழைய ஐபாடில் பாட்டுக் கட்டும் கராஜ்பாண்ட் செயலி, வயர் ஹெட்போன், அதிர்வை மின்சாரமாக்கும் 27 மில்லிமீற்றர் பீசோ தட்டு ஒன்று, சில ரெசிஸ்ரர்கள், அவ்வளவுதான். கராஜ்பாண்ட் 2017 முதல் எல்லோருக்கும் இலவசம். கோலா ஐபாடிலும் அன்ட்ரொயிட்டிலும் ஓடும். 64 சாம்பிள் வரை ஏற்றலாம்.

செயலியோடு வரும் தபேலா லூப்புகளை (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுகளை) இழுத்து ஒட்டினால் பத்து நிமிடத்தில் ஏதோ ஒன்று வந்துவிடும். அது எந்த ஊர்ப் பாட்டாகவும் இருக்கும், மட்டக்களப்புப் பாட்டாக மட்டும் இருக்காது. நாமே பதிந்த மத்தளத்தையும் லூப்பாக வைத்துக்கொண்டால் வேறு சிக்கல் உண்டு. கூத்தை நடத்தும் அண்ணாவியார் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவார். லூப்பின் வேகத்தை மாற்றினால் செயலி ஒலியை நெருக்கியோ நீட்டியோ பொருத்தும். மத்தளத்தின் தட்டு முனை மழுங்கி, சல்லரியின் கிண்கிணி நடுங்கத் தொடங்கும். தனித் தட்டாக இருந்தால் வேகம் ஏறும்போது தட்டுகளுக்கு இடையிலுள்ள வெளிதான் குறையும், தட்டு அப்படியே இருக்கும். கீழே உள்ள வேலை முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து வந்தது.

பதிவு

வட்டக்களரியில், அதாவது கூத்தாடும் வட்ட அரங்கில், கூத்து நடக்கும்போது பதிந்தால் ஆட்டக்காரரின் சதங்கையும் பிற்பாட்டும் மத்தளத்தின் மேலேயே ஏறி நிற்கும். அதிலிருந்து தட்டைப் பிரிக்க முடியாது. அந்தப் பதிவு வேகத்தை அளக்க மட்டும் உதவும். சாம்பிளுக்குத் தனியாக, கூத்துப் பழக்கம் இல்லாத நேரத்தில், மத்தளக்காரரை இருத்திப் பதிய வேண்டும்.

கைபேசியை மத்தளத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் முதல் 1 மீற்றர் தூரத்தில் வைக்கலாம். ஒரு சாண் தூரத்தில் வைத்தால் மைக் தாங்காது, அலையின் உச்சி தட்டையாகிவிடும். பிறகு ஒலியளவைக் குறைத்தாலும் தட்டையான உச்சி மீளாது. அளவுகோலில் பலத்த தட்டு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. அடுத்து, செற்றிங்ஸில் இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலிச் சமனும் இருந்தால் இரண்டையும் அணைக்க வேண்டும். இவை பேச்சுக்கென்று செய்தவை. முதல் தட்டைப் பலமாகவும் அடுத்ததை அமுக்கியும் எடுக்கும், தட்டின் வாலை இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும். ஐபோனின் வொய்ஸ் மெமோஸில் ஒலித்தரத்தை இழப்பற்றது என்று மாற்றிவிட வேண்டும். அன்ட்ரொயிட்டில் வேவ் கோப்பாகப் பதியும் செயலி ஏதாவது போதும். 24 பிற், 48,000 ஹேர்ட்ஸ், ஸ்ரீரியோ என்றால் நிமிடத்துக்கு 17 எம்பி அளவில் வரும். வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பி வாங்கிய மத்தளம் எதற்கும் உதவாது. கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்பினால் பழுதில்லை.

எடுத்த தட்டுகள்: இடந்தலையில் (மத்தளத்தின் இடப்பக்கத் தோலில்) திறந்த தட்டு, அடைத்த தட்டு, வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) திறந்த தட்டு, விளிம்புத் தட்டு, சல்லரியில் ஒலிக்கவிட்டதும் உடனே அடைத்ததும். ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று நிலையில், நிலைக்கு நாலு தரமாவது தட்டச் சொல்ல வேண்டும். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தால் தையல் மெசின் ஓடுவது போலக் கேட்கும். இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வைத்தால் அந்தக் குறை போய்விடும். சல்லரி முழுதாக ஓய்ந்த பிறகுதான் அடுத்த தட்டு. அவசரப்பட்டால் எல்லாச் சாம்பிளின் தொடக்கத்திலும் முந்தினதின் வால் ஒட்டிக்கொண்டு வரும்.

எல்லாத் தட்டையும் ஒரே இருப்பில் எடுத்து முடிப்பது முக்கியம். கார்த்திகை, மார்கழி மழையில் தோல் ஈரம் இழுத்துத் தளர்ந்து சுருதி இறங்கும். கச்சான் என்ற உலர்ந்த தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அதே மத்தளம் விறைத்து ஏறும். இரண்டு பருவத்துப் பதிவைக் கலந்தால் இரண்டு மத்தளம் போலத்தான் கேட்கும். கச்சான் காற்று மைக் துளையில் நேரே பட்டால் கடகடவென்ற இரைச்சல் வரும். வெளியில் பதிவதானால் மெல்லிய ஸ்பொஞ்ச் துண்டு ஒன்று போதும், விரலால் மூட வேண்டாம்.

வெட்டு

கோலாவில் சாம்பிளைப் பெரிதாக்கி, அலை எழும் இடத்துக்குச் சற்று முன்னால் தொடக்கக் கோட்டை வைக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. முன்னால் 20 மில்லிசெக்கன் வெறுமை விட்டுவிட்டால் அந்தத் தட்டு எப்போதும் 20 மில்லிசெக்கன் பிந்தியே வரும், தாளம் இழுபடும். காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம். அலை சுழியை (பூச்சியக் கோட்டை) கடக்காத இடத்தில் வெட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். முடிவில் 5 மில்லிசெக்கன் தேய்வு வைத்தால் அது போகும்.

கோலாவில் சல்லரியின் திறந்த தட்டையும் அடைத்த தட்டையும் ஒன்றை ஒன்று நிறுத்தும் ஒரே குழுவில் போட வேண்டும். கையால் அடைத்த பிறகும் பழைய ஒலி நீண்டுகொண்டிருந்தால் சல்லரி பிடித்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

கராஜ்பாண்டின் சாம்பிளர் ஒரு நேரத்தில் ஒரு சாம்பிளைத்தான் எடுக்கும். அதனால் தட்டுக்கு ஒரு ட்ராக். முதலில் இது தொல்லையாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே ஒலியளவும் இடவலமும் வைக்கலாம் என்பது நன்மை. நிறுத்தும் குழு இங்கே இல்லை. சல்லரி எவ்வளவு ஒலிக்க வேண்டுமோ அந்த நீளத்துக்கே நோட்டை வரைய வேண்டும்.

48,000 ஹேர்ட்ஸில் பதிந்த கோப்பை 44,100 என்று நினைத்து வாசிக்கும் செயலியில் மத்தளம் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கி, அந்த அளவுக்கு நீண்டு ஒலிக்கும். ‘பதியும்போது இப்படி இல்லையே’ என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நாலு பெட்டிக்குள் ஏழு

கராஜ்பாண்ட் கொடுக்கும் தாள அமைப்பு 4/4, 3/4, 6/8 மூன்றும்தான். தகிட தகதிமி என்ற மூன்றும் நாலுமான ஏழுக்கு அங்கே இடமில்லை. வழி சின்னக் கணக்கில் இருக்கிறது. 4/4 இல் ஒரு பாருக்கு, அதாவது நாலு தட்டுப் பெட்டிக்கு, எட்டு அரைத் தட்டு. நம் எண்ணிக்கை ஒன்றுக்கு ஓர் அரைத் தட்டு. ஏழு பாருக்கு 56. அந்த 56 இல் ஏழெண்ணிக்கைச் சுற்று சரியாக எட்டுத் தடவை அடங்கும். ஆகவே பகுதியின் நீளத்தை ஏழு பார் என்று வைத்தால் தொடக்கமும் முடிவும் ஒன்றாக வந்து மூடும். கராஜ்பாண்ட் தானாகவே எட்டுப் பார் வைத்திருக்கும்; அதை மாற்றாவிட்டால் எட்டாவது பாரில் ஒரு சுற்று அறுந்து, திரும்பத் தொடங்கும்போது கால் இடறும். ஐந்தெண்ணிக்கை வேண்டுமானால் ஐந்து பார் வைத்தால் போதும்.

மெற்றோனோமை அணைத்துவிடுவது நல்லது. அது நாலாவதற்கு ஒருதரம் அழுத்தித் தட்டி ஏழைக் குழப்பும். அதற்குப் பதில் அடைத்த சல்லரியை 1, 4 ஆம் எண்ணிக்கைகளில் வைத்து எட்டுச் சுற்றும் நகல் எடுத்தால் அதுவே வழிகாட்டி. நோட்டுகளைக் கட்டத்துக்கு இழுத்து ஒட்டும் குவான்ரைஸை நேரான எட்டிலொன்றில் வைக்கலாம். வலந்தலைத் தட்டுகளுக்கு மட்டும் அதை விட்டுவிட்டால் கை வைத்த இடத்திலேயே நிற்கும், பாட்டுக்கு உயிர் இருக்கும்.

வேகம் எவ்வளவு? களரிப் பதிவில் எட்டுச் சுற்றுக்கு எடுக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். 56 அரைத் தட்டு என்பது 28 முழுத் தட்டு. 16.8 செக்கன் எடுத்தால் 28 ஐ 16.8 ஆல் வகுத்து 60 ஆல் பெருக்க நிமிடத்துக்கு 100. அப்போது ஒரு சுற்று 2.1 செக்கன், ஓர் எண்ணிக்கை 300 மில்லிசெக்கன்.

தாமதம்

விரல் பட்டதிலிருந்து ஒலி வரும் வரைக்கான தாமதத்தைச் செயலியின் செற்றிங்ஸ் சொல்வதை நம்ப வேண்டாம். அங்கே ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலிப்புள்ளிகள் 256 என்று இருந்தால் 48,000 இல் அது 5.3 மில்லிசெக்கன், உள்ளே வேறு படிகளும் நேரம் எடுக்கும். அளக்க இன்னொரு கைபேசி போதும். அதைப் பக்கத்தில் பதிவில் விட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, நகத்தால் திரையைப் பலமாகத் தட்ட வேண்டும். பதிவில் முதல் கூர்முனை நகம், இரண்டாவது சாம்பிள். இடைவெளியே உண்மையான தாமதம். 20 மில்லிசெக்கனுக்குள் என்றால் கையால் வாசிக்கலாம். 40 ஐத் தாண்டினால் வாசிப்பதை விட்டு நோட்டைக் கட்டத்தில் வைப்பதே மேல். புளூரூத் ஹெட்போன் மாட்டினால் 150, 200 என்று போகும்; பாட்டுக் கேட்க மட்டும் அது.

படபடவென்று ஒலி உடைந்தால் 256 ஐ 512 ஆக்க வேண்டும், தாமதத்தில் அந்தப் பங்கு இரட்டிக்கும். தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் கைபேசி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் இதே சத்தத்தைத் தரும். சார்ஜரைக் கழற்றி, உறையை எடுத்துவிட்டால் பாதி சரியாகும். மிச்சத்துக்குப் பொழுதுபட வேண்டும்.

பீசோ தட்டு

மத்தளத்தின் மர உடலில் ஒட்டி உள் ஒலியைப் பிடிக்கவென்று எடுத்தது. நேரே கைபேசியின் மைக் துளையில் இணைத்தால் தகர டப்பாவைக் கிளறியது போல மெலிந்த சத்தம்தான் வரும். பீசோவின் மின் கொள்ளளவு 20 நானோபாரட் அளவில், மைக் துளையின் தடை 2 கிலோஓம் அளவில். இரண்டும் சேர்ந்தால் 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துவிடும். நடுவில் 1 மெகாஓம் உள்ளீடு கொண்ட சிறு முன்பெருக்கி வைத்தால் வெட்டு 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கி, இடந்தலையின் வயிறு முழுதாகக் கிடைக்கும். நாலு தொடுமுனை ஜாக்கில் இன்றைய கைபேசிகளுக்கு மைக் அடி வளையத்தில், நிலம் அதற்கு மேல் வளையத்தில். மாறினால் பதிவே வராது.

பீசோ தட்டை இறப்பர் பசையில் தோய்த்து உலர்த்தினால் தண்ணீருக்குள்ளும் விடலாம். முழுநிலாவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு முனையை மட்டக்களப்பு வாவியில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடுமீன் என்ற நீருக்கடி ஒலியைக் கேட்பார்கள் அல்லவா, அதே வேலைதான். தோணி எஞ்சினும் பாலத்து வாகனமும் கீழ்ச்சுருதியில் நிறைய வரும், 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்ட வேண்டும். கிடைப்பதைத் தாளத்துக்கு அடியில் மெல்லிய படலமாக விரிக்கலாம். முன்னுக்குக் கொண்டுவந்தால் சுற்றுலா விளம்பரமாகிவிடும்.

பேஸும் ஹோர்ன் ஸ்பீக்கரும்

சின்த் பேஸும் (மின்னிசையின் கீழ்ச்சுர ஒலி) இடந்தலையும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். திறந்த தட்டை ட்யூனர் செயலியில் பார்த்தால் போதும். தட்டு 98 ஹேர்ட்ஸில் நிற்க பேஸ் 104 இல் இருந்தால் செக்கனுக்கு ஆறு தரம் ஒலி ஏறி இறங்கி அதிரும். பேஸை அசைப்பதைவிட மத்தளச் சாம்பிளைச் சற்றுத் தூக்குவது எளிது.

ஹெட்போனில் அதிரும் 55 ஹேர்ட்ஸ் பேஸ் கோயில் ஹோர்ன் ஸ்பீக்கரில் காணாமலே போகும். அதில் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. பேஸுக்குச் சிறிது சிதைவு கொடுத்தால் 330, 385 என்று மேல் மடங்குகள் பிறக்கும். அவற்றைக் கேட்டு மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். கோயில் பெருக்கி பெரும்பாலும் மோனோ, இடமும் வலமும் ஒன்றாகக் கலந்தே வரும். இடவலத்தில் அகலப்படுத்திய சின்த் அங்கே தன்னைத் தானே தின்றுவிடும், ஆகவே முடிக்குமுன் மோனோவில் ஒருதரம் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டு கருவி, ஏறும் வேகம்

கைபேசியும் ஐபாடும் ஒன்றாக ஓட கருவிகளின் வேகத்தை ஒன்றுசேர்க்கும், 2016 இல் வந்த ஏபிள்ரன் லிங்க் உதவும். டேட்டா தேவையில்லை, ஒரு கருவியின் ஹொட்ஸ்பொட் போதும். கராஜ்பாண்ட் லிங்க் பேசாது. ஐபாடில் அந்தக் கட்டத்துக்கு ஏயூஎம் என்ற செயலியை எடுக்க வேண்டும். லிங்க் நாலு தட்டுக்கு ஒருதரம் கட்டம் சேர்ப்பது வழக்கம். நம் சுற்றோ மூன்றரைத் தட்டு. இடையில் சேரும் கருவி நாலில் சரியாக வந்து ஏழில் பிசகும். எண்ணிக்கை ஒவ்வொன்றையும் முழுத் தட்டாக எடுத்து வேகத்தை 200 ஆக்கி, சேர்ப்பு அளவை ஏழாக வைத்தால் தீரும். இரண்டின் ஒலியையும் இரண்டை ஒன்றாக்கும் வை (Y) வயரில் நேரே முறுக்கக் கூடாது, ஒவ்வொரு வழியிலும் 1 கிலோஓம் ரெசிஸ்ரர் வேண்டும்.

அண்ணாவியார் ஏற்றும் வேகம் இன்னும் அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது. ஐபாட் கராஜ்பாண்டில் ஒரு பாட்டுக்கு ஒரே வேகம். இப்போதைக்கு ஏழு பார் பாட்டை நகல் எடுத்து 100, 102, 104 என்று ஏற்றி, ஒவ்வொன்றையும் வேவ் ஆக வெளியே எடுத்து, புதிய பாட்டில் அடுத்தடுத்து இரண்டு ட்ராக்கில் மாறி மாறி வைக்கிறோம். வேகத்தைப் பின்பற்றும் வசதியை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு நகலிலும் கடைசியில் ஒரு வெற்றுப் பார் விட்டால்தான் சல்லரியின் வால் அடுத்த துண்டின் மேல் படர்ந்து ஒட்டுத் தெரியாது. நாலு நாலாக ஏற்றிப் பார்த்ததில் படி தெரிந்தது, இரண்டிரண்டில் தெரியவில்லை. 120 இல் வலந்தலைத் தட்டின் வால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அந்த ட்ராக்கின் தேய்வை 180 மில்லிசெக்கனுக்குக் குறைத்துப் பார்ப்பது அடுத்த வேலை.