மேய்ச்சல் ஆய்வில் மாடு வளர்ப்போரைச் சேர்க்கப் பட்ட பாடு

ஒருவழியாக மாடுகள் புல்லில் இறங்கிவிட்டன. ஆனாலும் முதல் கூட்டத்தை நினைத்தால் இன்னும் ஆத்திரம்தான். மேய்கிற மாடு, கொட்டகையில் நிற்கிற மாடு இரண்டின் பாலையும் ஒப்பிடும் ஆய்வு இது. கறவை மாடு வைத்திருப்பவர்களோடு சேர்ந்து திட்டமிடுவோம் என்று விண்ணப்பத்தில் எழுதித்தான் நிதியே கிடைத்தது. ஆனால் அலுவலகம் அழைப்பை மாலைக் கறவை நேரத்துக்கு அனுப்பியது. மாற்றச் சொன்னால், "அறை அப்போதுதான் காலி" என்று பதில். தீவனம் விற்பவர்களும் பால் வாங்குபவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். மாடு வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு கறவைக்கும் நடுவில், மேய்ச்சல் நிலத்திலேயே கூட்டம் வையுங்கள்.

அடுத்த வில்லங்கம் அழைப்புப் பட்டியல். அதில் பண்ணை உரிமையாளர்கள் மட்டும்தான். மாட்டை ஓட்டிப்போய் வேலியை நகர்த்துகிறவரைச் சேர்க்கச் சொன்னதற்கு, "கையெழுத்துப் போடாதவர் எதற்கு?" என்றார் எழுத்தர். விடாமல் மல்லுக்கட்டிச் சேர்த்தேன். அதற்குப் பலன் அன்றே கிடைத்தது. நாங்கள் புல் உயரத்தை அளந்துகொண்டிருந்தோம். ஒரு வேலையாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கைகாட்டினார். அங்கே புல் மொட்டையாகிச் சேறாகிக் கிடந்தது. எதிர் மூலையில் புல் கதிர்விட்டு முற்றி நின்றது. "தொட்டி இருக்கிற பக்கம்தான் மாடு நிற்கும். நீங்க சராசரி போட்டா எல்லாம் சரியாத்தான் தெரியும்" என்றார். அதற்கப்புறம் தொட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துக்கொண்டுதான் அளக்கிறோம்.

மருத்துவப் பரிசோதனை, வேலி, பாதை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

குலுக்கலில்தான் மறுபடி முட்டியது. எந்தப் பண்ணை மாடுகள் மேய வேண்டும், எவை கொட்டகையிலேயே நிற்க வேண்டும் என்று சீட்டுப் போடுவதாகச் சொன்னதும் பலர் எழுந்துவிட்டார்கள். நியாயம்தானே, பால் குறைந்தால் நஷ்டம் அவர்களுக்கு. கடைசியில் ஒவ்வொரு பண்ணையிலும் மாடுகளை இரண்டு குழுவாகப் பிரித்து, பாதியில் இடம் மாற்றுவது என்று முடிவானது. கன்று ஈன்று சில வாரங்களுக்குப் பிறகு, நாள் ஏற ஏறப் பால் தானாகவே குறையும் என்பதால், கன்று ஈன்ற தேதி இரண்டு குழுவிலும் ஒத்துவரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தீவனம் மாறியதும் வயிறு பழகச் சில வாரம் ஆகும். அந்த நாட்களின் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: பண்ணைவாரியான கணக்கைப் பால் வாங்குபவர்கள் கேட்டார்கள். மாட்டுக்காரர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். 'பண்ணையின் பெயரோடு எந்தக் கணக்கும் வெளியே போகாது' என்ற வரியை ஒப்புதல் படிவத்தில் சேர்த்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அந்த வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.