சிங்கப்பூர் வருகிறவர்கள் எந்தப் பேட்டையில் தங்குவது?

மே மாத விடுமுறை நெருங்கினால் ஊரிலிருந்து உறவினர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கியமானது, "எந்த ஏரியாவுல ரூம் போடலாம்?" என்பதுதான். தமிழர்கள் என்றால் தேக்கா (லிட்டில் இந்தியா வட்டாரம்) என்று யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவது இங்கே வழக்கம். அது பாதிதான் சரி என்பது என் கருத்து. உடன் வருகிறவர்கள் யார், தேக்காவிலேயே எந்தப் பக்கம் என்பதைக் கேட்ட பிறகே யோசனை சொல்ல வேண்டும்.

வயதான பெற்றோருடன் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, சிராங்கூன் சாலையின் ஃபேரர் பார்க் முனை. ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முஸ்தஃபா பேரங்காடிக்கு நடந்தே போகலாம். வடகிழக்குப் பாதையில் ஏறி உட்கார்ந்தால் சைனாடவுனுக்கும், செந்தோசாத் தீவுக்குப் போக இறங்க வேண்டிய ஹார்பர்ஃபிரண்டுக்கும் வண்டி மாறத் தேவையில்லை. மரினா பே பக்கம் அடிக்கடி போக நினைப்பவர்களுக்கு லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டிய விடுதி வசதி, ஏனெனில் அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் நேராக பேஃபிரண்டில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியா நிலையப் பக்கம் வெளிநாட்டு ஊழியர்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள். வாரம் முழுவதும் உழைக்கிறவர்கள் நண்பர்களைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நாள் அது என்பதால் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் நடைபாதையைக் கடப்பது எளிதல்ல.

வாடகையைவிட அறையைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். இந்த வட்டாரத்தின் மலிவு விடுதிகள் பலவும் பழைய கடைவீடுகளில் இயங்குகின்றன. சன்னல் இல்லாத அறை, மின்தூக்கி இல்லாத மாடி, பெட்டியைத் தரையில் விரித்தால் குளியலறைக் கதவைத் திறக்க முடியாத அளவு இடம் ஆகியவை எல்லாம் சாதாரணம். அறை விவரத்தில் சன்னல் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கடல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தேக்கா உதவாது. பீச் ரோடு என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். கடலைத் தூர்த்து நிலம் மீட்டதில் கரை எப்போதோ அங்கிருந்து விலகிப் போய்விட்டது. அவர்களுக்கு ஏற்றது காத்தோங். 2024 ஜூனில் தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதை இந்தப் பக்கம் நீண்ட பிறகு, மரின் பரேட் நிலையத்திலிருந்து கரையோரப் பூந்தோட்டத்துக்கும் (கார்டன்ஸ் பை தி பே) ஆர்ச்சர்டுக்கும் நேரடியாகப் போக முடிகிறது. விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதையைக் கடந்தால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. சென்னை மெரினாவின் அலையை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும் கப்பல்களைப் பார்த்தபடி சைக்கிள் மிதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலும் இருக்கிறது. சைவச் சாப்பாட்டுக் கடைகள் தேக்கா அளவுக்கு இல்லை என்பதுதான் குறை.

செந்தோசாவுக்குள்ளேயே தங்குவது, அதைவிட்டு வெளியே வர விரும்பாதவர்களுக்கு மட்டும். கேலாங்கில் அறைகள் மலிவு, சாப்பாடும் அருமை. ஆனால் சில லோரோங்குகள் (சந்துகள்) சிவப்பு விளக்குப் பகுதி என்பதால், குடும்பத்தோடு வருகிறவர்கள் விடுதி எந்த லோரோங்கில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

புளோக்கில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) ஒரு வாரத்துக்கு மலிவாக அறை கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையோ அறையையோ குறைந்தது 6 மாதத்துக்கும், தனியார் வீட்டை 3 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். மாமா வீட்டில் காசு கொடுக்காமல் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம்.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இரவு விமானத்தில் புறப்படுகிறவர்கள் அதிகாலையில் சாங்கியில் இறங்குவார்கள், பெரும்பாலான விடுதிகளோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருகின்றன. அதுவரை பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சிறிய விடுதிகளில் வரவேற்பு மேசையில் இரவு முழுவதும் ஆள் இருப்பார்களா என்பதையும் சேர்த்து.