பெடாட் கலந்த திடப் பாலிமர் மின்பகுளி: இதுவரை கண்டவை

மின்கலத்தின் இரு முனைகளுக்கு இடையே எலக்ட்ரானை விடாமல் அயனியை மட்டும் கடத்தும் பொருளே மின்பகுளி; அதைத் திடப் படலமாகச் செய்து பார்க்கிறேன். பாலி எத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரையும் லித்தியம் ட்ரைஃபிளேட் உப்பையும் நீரில் கரைத்து, டெஃப்லான் தட்டில் ஊற்றி உலர்த்தி எடுத்த படலத்தில், பெடாட்-பிஎஸ்எஸ் கரைசலைச் (எலக்ட்ரானைக் கடத்தும் பாலிமரான பெடாட்டும், எலக்ட்ரானைக் கடத்தாத துணைப் பாலிமரான பிஎஸ்எஸும் சேர்ந்தது) சிறிதளவு சேர்த்தால் அயனிக் கடத்துத்திறன் உயருமா என்று பார்த்து வருகிறேன். பாலி எத்திலீன் ஆக்சைடு கார உலோக (லித்தியம், சோடியம் போன்றவை) உப்புகளோடு இணைவதை ஃபென்டன், பார்க்கர், ரைட் ஆகியோர் 1973இல் அறிவித்தனர்; அன்று முதல் இதன் பெரும் குறை, அறை வெப்பநிலையில் பாலிமர் பெரும்பாலும் படிகமாக இறுகிவிடுவதும், லித்தியம் அயனி முக்கியமாகச் சங்கிலிகள் நெளியக்கூடிய படிகமற்ற பகுதியிலேயே நகர்வதும்தான்.

படலத்தை இரண்டு துருப்பிடிக்காத எஃகு வில்லைகளுக்கு இடையே அழுத்தி, 10 கிலோஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில் மின்தடையை அளக்கிறேன். அலைவெண் மிகக் குறைந்தால் வில்லைப் பரப்பில் அயனிகள் குவிவதும் அளவில் கலந்துவிடும். 0.01 செ.மீ. தடிமனும் 2 சதுர செ.மீ. பரப்பும் உள்ள படலம் 5,000 ஓம் காட்டினால், கடத்துத்திறன் செ.மீ.க்கு 0.000001 சீமன்ஸ்.

பெடாட் சேர்த்ததும் மின்தடை இறங்கியது. ஆனால் மின்சாரத்தைச் சுமப்பது அயனியா எலக்ட்ரானா என்பதை அந்த எண் சொல்லாது. ஆகவே 0.1 வோல்ட் நேர்திசை (DC) மின்னழுத்தம் கொடுத்துக் காத்திருந்தேன். எஃகு அயனியை மறிப்பதால், அயனி மட்டும் ஓடும் படலத்தில் மின்னோட்டம் படிப்படியாக அடங்க வேண்டும். பெடாட் குறைவான இளநீலப் படலத்தில் அது ஏறத்தாழ அடங்கியது. பெடாட் அதிகமான கருநீலப் படலத்தில் அசையாமல் நின்றது. பின்னதை மின்கலத்தில் வைத்தால் இரு முனைகளையும் கம்பியால் இணைத்ததற்குச் சமம்; அது எனக்குப் பயன்படாது.

பிஎஸ்எஸ் ஈரத்தை இழுக்கும், ஈரமும் கடத்துத்திறனை உயர்த்தும் என்பதால், இளநீலப் படலத்தை வெற்றிடத்தில் மீண்டும் உலர்த்தி அளந்தேன். உயர்வில் ஒரு பகுதி மறைந்தது, மிச்சம் நின்றது. 70 டிகிரி செல்சியஸில் படிகங்கள் உருகிப் பால்போல் மங்கியிருந்த படலம் தெளிந்தபோது, பெடாட் உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு மிகக் குறைந்துவிட்டது. எனவே சேர்க்கை அயனிக்குப் புதுவழி திறக்கவில்லை, படிகமாவதைக் குலைக்கிறது என்றே கருதுகிறேன். அப்படியானால் அது மின்கடத்தியாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. அடுத்து, பெடாட் இல்லாத வெறும் பிஎஸ்எஸின் லித்தியம் உப்பை அதே அளவில் கலந்து, அதே உலர்த்தலுக்குப் பின் அளக்கப்போகிறேன்.