நினைவுச் சோதனைக்குப் போய் வந்த கதை

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் கணக்கு ஆசிரியை, வயது 57. மதிப்பெண்களை மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வரும்போது மீதி இரண்டா மூன்றா என்பது நழுவிவிடும். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் பிரிக்கும் விடைத்தாள் கட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின், பக்கத்து மேஜையில் யாராவது நாலே முக்கால் பஸ்ஸைப் பற்றிப் பேசினால் போதும், அந்த நாலு வந்து என் கூட்டலில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. அந்தப் பயத்தில்தான் நரம்பியல் மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வைட்டமின் பி12 குறைந்தாலும் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நினைவு மங்குமாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்டார். தூக்கம் வரவழைக்கும் சில சளி மாத்திரைகள்கூடக் கவனத்தைக் குலைக்கும் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு என் மகளிடம் திரும்பி, "அம்மா சொன்னதையே திரும்பச் சொல்கிறார்களா? தெரிந்த வழியில் தடுமாறுகிறார்களா?" என்று விசாரித்தார். கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது உளவியலாளர். பள்ளி முடிந்து மாலையில் போய் நின்றவளை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். "இப்போது சோதித்தால் உங்கள் களைப்பைத்தான் அளப்பேன். நன்றாகத் தூங்கி எழுந்து காலையில் வாருங்கள், அம்மா."

மோகா என்ற 30 மதிப்பெண் சோதனை அது, தமிழிலேயே நடந்தது. பொதுவாக 26 அல்லது அதற்கு மேல் வந்தால் இயல்பு என்று கொள்கிறார்கள். கடிகாரம் வரைய வேண்டும், ஐந்து சொற்களைக் கேட்டுச் சற்று நேரம் கழித்துச் சொல்ல வேண்டும். (எந்தச் சொற்கள் என்று எழுத மாட்டேன்; போகவிருப்பவர்களின் சோதனையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.) நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது 93, 86, 79 என்று பொழிந்து தள்ளினேன். அவர் அசரவில்லை. "இது உங்கள் தொழில் பழக்கம்" என்று சொல்லிவிட்டுத் தனியாக இன்னொன்று வைத்தார். நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்வார், நான் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். நான்கு எண் வரை சிரமமில்லை. ஐந்தாவது சேர்ந்ததும் நடு எண்கள் இடம் மாறின.

என் வயதுக்கு அது இயல்புதானாம். கேட்டதை அப்படியே ஒப்பிப்பது வயதானாலும் பெரிதாகக் குறைவதில்லை. மனத்தில் பிடித்துவைத்தபடியே அதைப் புரட்டிப் போடுவதுதான் குறைகிறது. இதைச் செயல்நினைவு என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. வேண்டாததை வெளியே நிறுத்தும் திறனும் வயதோடு தளர்வதால்தான் பஸ் நேரம் உள்ளே நுழைகிறது.

களைப்பு வேறு கணக்கு. நாள் முழுக்கக் கடினமாக யோசித்தவர்களின் முன்மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சேர்வதைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள் என்றும் சொன்னார். முகாமின் பிற்பகல்களுக்கு அந்த விளக்கம் எனக்குப் பொருந்திப் போனது.

மூளைப் பயிற்சிச் செயலிகள் உதவுமா என்று கேட்டேன். "அந்த விளையாட்டில் கெட்டிக்காரி ஆவீர்கள்" என்றார். இப்போது மீதியைத் துண்டுத்தாளில் குறித்துக்கொள்கிறேன். பெரிய கூட்டல்களைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், காலை நேரத்திலேயே. சொற்பட்டியல் வேறாக இருக்குமாம்.